நூற்று இருபது ஃபிரேம் மூச்சு

டோக்கியோவிலிருந்து என் வேலை திரும்பி வந்த அன்று, என் கணவர் ரமணன் ஐசியூவில் படுத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. பதினோரு வருடத்தில் நான் வரைந்தது ஒன்று சரியில்லை என்று திரும்பி வந்தது அதுதான் முதல் தடவை. சூப்பர்வைசர் தீபங்கர்தா அந்தத் தாள் கட்டை என் மேஜையில் வைத்துவிட்டு, தப்பு அவருடையது போலத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

எங்கள் ஸ்டூடியோ சால்ட் லேக் ஐந்தாவது செக்டாரில், ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருக்கிறது. ஜப்பான்காரர்கள் எடுக்கும் அனிமே தொடர்களுக்கு நாற்பது பேர் உட்கார்ந்து படம் வரைகிறோம். கதை அவர்களுடையது, பெயரும் அவர்களுடையது. முக்கியமான படங்களையும் அவர்களே வரைந்து அனுப்பிவிடுவார்கள். ஒரு பெண் கையைத் தூக்குகிறாள் என்றால், கை கீழே இருக்கிற படம் ஒன்று, மேலே போய்விட்ட படம் ஒன்று. நடுவில் வருகிற எட்டோ பத்தோ படங்கள் எங்கள் தலையில். கண்ணாடி மேஜைக்கு அடியில் விளக்கு எரியும். அதன்மேல் தாளை வைத்து வரைய வேண்டும். எந்தப் படம் எவ்வளவு இடைவெளியில் விழ வேண்டும் என்று ஓரத்தில் ஒரு சின்ன ஏணி போட்டுக் காட்டியிருப்பார்கள். அதைப் பார்த்து வரைந்தால் போதும், மூளையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம் என்று ரமணன் என்னைக் கிண்டல் செய்வார்.

திரும்பி வந்தது இருநூற்றுப் பதினாலாம் எண் கட். ஒரு சின்னக் காட்சித் துண்டைத்தான் கட் என்போம். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சிறுமி படுத்திருக்கிறாள். அவளுக்காக ஓர் இயந்திரம் மூச்சு விடுகிறது. அவள் நெஞ்சு ஏறி இறங்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஏணியில் படிகள் ஒரே சீராக இருந்தன. நானோ மூச்சு மேலே போய் நிற்கிற இடத்திலும், கீழே வந்து அடங்குகிற இடத்திலும் படங்களை நெருக்கி நெருக்கி வரைந்துவிட்டேன். மனுஷ மூச்சு அப்படித்தான், இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் தயங்கும். கை அதுபாட்டுக்கு வரைந்திருக்கிறது, நான் கவனிக்கவே இல்லை. டைரக்டர் சிவப்புப் பென்சிலால் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்: ‘இது மூச்சு. இயந்திரம் மூச்சு விடாது. திரும்ப வரையவும்.’

“அவசரமில்லை வசுதி. வியாழக்கிழமைக்குள்ள குடுத்தாப் போதும்” என்றார் தீபங்கர்தா வங்காளத்தில். வங்காளிகளுக்கு அக்கா என்றால் ‘தி’, அண்ணா என்றால் ‘தா’, ‘தாதா’. “ஒரு நிஜ மெஷினைப் பார்த்து வரைஞ்சா...” என்று ஆரம்பித்தவர், என்ன சொல்கிறோம் என்று உறைத்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

“தினம் நாலு மணிக்குப் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன், தாதா” என்றேன்.

பாவம், மனிதர் முகம் சுண்டிப்போனது. அந்த நாட்களில் யாரையாவது ஒரு வார்த்தை குத்தாமல் எனக்குப் பொழுது போகவில்லை. குத்திவிட்டு உடனே களைப்பாகவும் இருக்கும்.

இந்தத் தொடர்களின் கதைகளைப் பற்றி எனக்குப் பழைய மனத்தாங்கல் ஒன்று உண்டு. ஆறு தொடர்களுக்கு வேலை செய்திருக்கிறேன். ஆறிலும் ஒரு விஞ்ஞானி வருவான். மூக்குக் கண்ணாடி போட்டிருப்பான். அதில் வெளிச்சம் பட்டு அவன் கண் தெரியாது. அவன் ஓர் இயந்திரம் செய்வான். ஒரு காடோ ஆறோ மரமோ பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் சண்டைக்குக் கிளம்பும். கடைசியில் இயந்திரம் வெடிக்கும், இடிபாட்டில் புல் முளைக்கும். அந்தப் புல்லை ஆறு தடவை வரைந்தவள் நான்.

ஆனால் இயந்திரத்தின் படம் வரும்போது பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஆணியையும் ஒவ்வொரு குழாயையும் அத்தனை ஆசையாக வரைந்திருப்பார்கள். அதில் ஒரு கோடு தள்ளிப்போனாலும் விடமாட்டார்கள். மரத்தில் இலை இப்படிப் போனாலும் அப்படிப் போனாலும் கேட்பாரில்லை. வாயால் மரத்தைப் புகழ்ந்துகொண்டு கையால் இயந்திரத்தைக் கொஞ்சுகிறார்கள் என்று ரமணன் சிரிப்பார். அவர் கார்டன் ரீச்சில் கப்பல்களுக்கு இன்ஜின் பொருத்துகிற வேலையில் இருந்தார். நான் யாருக்கும் தெரியாமல் வீட்டுக்கு எடுத்துவரும் நகல்களை விளக்கடியில் வைத்துக்கொண்டு, “இந்த வால்வை இப்படித் தொறந்தா உங்க விஞ்ஞானி மொதல் சீன்லயே காலி. கதைக்கு அவசியமே இல்லை” என்பார்.

இப்போதைய தொடரில் விஞ்ஞானி அந்தச் சிறுமிக்கு அப்பா. அவளுக்குத் தீராத நோய். அவளைப் பிழைக்கவைக்க அவன் செய்த இயந்திரம் ஊரிலிருக்கிற பெரிய மரத்தின் நீரையெல்லாம் உறிஞ்சிக்கொள்கிறது. மரம் வாடுகிறது. பத்தொன்பதாம் பகுதியில் அவன் மனம் உடைந்து இயந்திரத்தை நிறுத்திவிடுகிறான். எங்கும் ஒரு சத்தமும் இல்லை. மரத்திலிருந்து ஓர் இலை விழுகிறது. சிறுமி தானாகவே ஒரு மூச்சு இழுத்துக் கண்ணைத் திறக்கிறாள்.

என் பெண் மீராவுக்குப் பதினேழு வயது. தமிழைவிட வங்காளம் நன்றாக வரும், இரண்டையும்விட அனிமே நன்றாக வரும். ஜூன் மாதம் அந்தப் பகுதியின் நகலைப் படித்துவிட்டு, பிரமாதம் என்று வங்காளத்தில் கத்திக்கொண்டு துள்ளிக் குதித்தாள்.

“தாருண், மா! மெஷின்தான் அவளைப் பிடிச்சு வெச்சிண்டிருந்தது. நிறுத்தின ஒடனே மரம் அவளைப் பாத்துக்கறது!”

“மரம் எந்தக் காலேஜ்ல எம்பிபிஎஸ் படிச்சுதாம்?” என்றேன். சோபாவில் படுத்திருந்த ரமணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

செப்டம்பர் முதல் வாரம், லேக் மார்க்கெட்டில் வேதாச்சலத்தின் கடையில் காப்பிப்பொடி அரைத்துக் கொடுக்கச் சொல்லிவிட்டு நின்ற ரமணன், தலை வலிக்கிறது என்று அங்கேயே மூட்டைமேல் உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவில்லை. வேதாச்சலம்தான் டாக்ஸி பிடித்து நர்சிங் ஹோமில் சேர்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார். மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. நாற்பத்தேழு வயது, ஒருநாள் காய்ச்சல் என்று படுத்ததில்லை.

அங்கே டாக்டர் லாஹிரி என்று ஓர் அம்மாள். என் வயதுதான் இருக்கும், என்னைப் போலவே தூங்காத முகம். எட்டாம் நாள் என்னைத் தனியே உட்காரவைத்துச் சொன்னார். மூளையிலிருந்து எந்தப் பதிலும் வரவில்லை. இன்னும் இரண்டு மூன்று நாளில் முறைப்படி ஒரு சோதனை செய்வார்கள். அவர் தானாக ஒரே ஒரு மூச்சு இழுத்தாலும் போதும், மேற்கொண்டு பார்க்கலாம். இழுக்கவில்லை என்றால், இயந்திரத்தைத் தொடர்வதா வேண்டாமா என்று வீட்டார்தான் சொல்ல வேண்டும்.

வீட்டார் என்றால் நான், மீரா, அப்புறம் ரமணனின் அண்ணா அனந்தகிருஷ்ணன். சென்னையிலிருந்து கோரமண்டல் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியிருந்தார். மத்திய அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றபிறகு இயற்கை வைத்தியத்தில் இறங்கியவர். காலையில் வெண்பூசணிச் சாறு, வயிற்றில் ஈரத்துணி, மாத்திரை என்ற பேச்சே கிடையாது. எங்கள் டாக்குரியா வீட்டுக் குளியலறையில் அவருடைய ஈரத்துணிகள் தொங்கிக்கொண்டே இருந்தன.

“மெஷின்னா மூச்சு விடறது, வசு? அவனா விடறான்?” என்றார், என் வேலை திரும்பி வந்த அன்று சாயங்காலம். “பிராணன் போற வழியை அடைச்சிண்டு நிக்கறோம். இயற்கைகிட்ட விட்டுடணும்மா.”

“விட்டுடலாம் அண்ணா. நாளைக்குக் காலம்பற நீங்க அந்த மூக்குக் கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு டாக்குரியா பிரிட்ஜைத் தாண்டிக் காட்டுங்கோ. அப்பறம் எல்லாத்தையும் இயற்கைகிட்ட விட்டுடலாம்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். அங்கே கிடப்பது அவருடைய கூடப்பிறந்த தம்பி என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒரு வாரத்தில் ஆள் பாதியாகியிருந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, ஆனாலும் மன்னிப்புக் கேட்கத் தெம்பில்லை. மீரா கெமிஸ்ட்ரி புத்தகத்தின் ஒரே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதல் நாள் ஐசியூவுக்குள் வந்தவள், அதற்கப்புறம் வரமாட்டேன் என்றுவிட்டாள்.

மறுநாள், அதாவது பத்தாம் நாள், நான் ஒரு காரியம் செய்தேன். ஸ்டாப்வாட்சையும் சின்ன நோட்டையும் பையில் போட்டுக்கொண்டு நாலு மணிக்கு ஐசியூவுக்குப் போனேன். அந்தக் காட்சியைத் திரும்ப வரைய வேண்டும், பக்கத்திலேயே நிஜ இயந்திரம் இருக்கிறது. புருஷன் இந்த நிலையில் கிடக்கும்போது இவளுக்கு வேலை ஒரு கேடா என்று யாராவது கேட்டிருந்தால், கேட்டது நியாயம்தான். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிற அந்தப் பத்து நிமிஷம் எனக்குத் தாங்கவில்லை. கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு நொடியை இருபத்து நாலு ஃபிரேமாகப் பிரித்து எண்ணுவோம். பழகிவிட்டால் வாட்ச்கூட வேண்டாம், கண்ணே எண்ணிவிடும். அந்த இயந்திரம் நிமிஷத்துக்குப் பன்னிரண்டு மூச்சு ஊதியது. ஒரு மூச்சிலிருந்து அடுத்த மூச்சுக்குச் சரியாக நூற்று இருபது ஃபிரேம். நெஞ்சு விறுக்கென்று ஏறும், இறங்கும், நிற்கும், மறுபடி விறுக்கென்று ஏறும். நூற்று இருபது. நூற்று இருபது. நூற்று இருபது. நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன்.

அப்புறம் எண்பத்து நாலு.

பென்சில் நின்றுவிட்டது. இயந்திரம் தன் முறைக்குக் காத்திருக்காமல் முன்னாடியே ஊதியிருக்கிறது. மறுபடி நூற்று இருபது, நூற்று இருபது. பிறகு தொண்ணூற்று ஏழு. பத்து நிமிஷத்தில் மூன்று மூச்சுகள் அவசரப்பட்டு வந்தன.

அந்தப் பக்கம் வந்த நர்ஸ் செல்வராணியைப் பிடித்துக்கொண்டேன். நாகர்கோவில் பெண், நான் தமிழ் என்று தெரிந்ததிலிருந்து அக்கா அக்கா என்று பிரியமாக இருப்பவள்.

“அவரா இழுத்தா இது முன்னாடியே ஊதுமா, செல்வராணி?”

“ஆமாக்கா. பேஷன்ட் லேசா இழுத்தாப் போதும், மெஷின் புரிஞ்சுக்கிட்டு மிச்சத்தைக் குடுத்துரும். இந்தா, இந்த லைட்டு அப்பதான் எரியும்” என்று காட்டினாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரு தடவை மினுக்கியது. “ஆனா டாக்டர் பாத்துதான்க்கா சொல்லணும். நீங்களா ஒண்ணும் நெனச்சுக்காதீங்க.”

நான் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டேன்.

பூஜைப் பந்தலுக்கு மூங்கில் நட்டு எங்கள் தெருவைப் பாதி அடைத்திருந்தார்கள். மழை வேறு. டாக்ஸிக்காரன் முனையிலேயே இறக்கிவிட்டான். முழங்கால் தண்ணீரில் ஓடினேன். நாற்பத்து நாலு வயதில், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சிரித்துக்கொண்டே ஓடினேன்.

டாக்டரிடம் பேசிவிட்டுத்தான் வீட்டில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லிவிட்டேன். மீரா நோட்டைப் பிடுங்கிப் பார்த்தாள்.

“ஷோத்தி, மா? நிஜம்மாவா? நீயே பாத்தியா?”

“நானே பாத்தேன். மூணு தடவை.”

அவளுக்கு அது போதும். நான் ஒரு தாளைத் தூக்கி விளக்கில் பார்த்தால், தலைமுடி அகலம் பிசகியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன் என்று சின்ன வயதிலிருந்தே பார்த்தவள். சிவப்புப் பேனாவை எடுத்து எண்பத்து நாலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். அனந்தகிருஷ்ணன் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டார். “ஒடம்புக்குத் தெரியும்மா, ஒடம்புக்குத் தெரியும். அதுபாட்டுக்கு உள்ளேர்ந்து வேலை பண்ணிண்டிருக்கும்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அன்றைக்குத்தான் ஒன்பது நாளுக்குப் பிறகு மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிட்டோம்.

சாப்பிட்ட பிறகு மீரா தன் அறையிலிருந்து பத்தொன்பதாம் பகுதியின் நகலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். இலை விழுகிற பக்கம்.

“இதே மாதிரி மா. மெஷின் இருக்கறதாலதான் அப்பா கொஞ்சமா இழுக்கறா. நிறுத்திட்டா முழுசா இழுப்பா.”

மரத்துக்கு எம்பிபிஎஸ் பட்டம் கேட்டவள் நான். இப்போது வாயைத் திறக்கவில்லை. மறுத்திருக்க வேண்டும். ஆனால் அவள் முகத்தில் வெகு நாளைக்குப் பிறகு ரத்தம் ஓடியது, எனக்கும் அந்தப் பக்கத்தைப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த ஒரு நாள் நானும் மரத்தின் கட்சிக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை டாக்டர் லாஹிரியிடம் நோட்டைக் கொடுத்தேன். சிரிப்பார் என்று பயந்தேன். சிரிக்கவில்லை. ஒவ்வொரு எண்ணாகப் படித்துவிட்டு, “நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?” என்று கேட்டார். சொன்னேன். எழுந்து என்னோடு வந்து கட்டிலருகே நின்றார்.

இரண்டு நிமிஷம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு விளக்கு மினுக்கியது, நெஞ்சு முன்னாடியே ஏறியது.

“ஆமாம்” என்றார் டாக்டர். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் குனிந்தார். இயந்திரத்திலிருந்து ரமணனின் தொண்டைக்குப் போகிற சுருள் குழாய் கட்டிலுக்குப் பக்கத்தில் கொஞ்சம் தொய்ந்து தொங்கும். அந்தத் தொய்வை உள்ளங்கையில் ஏந்தி வெளிச்சத்தில் பார்த்தார். உள்ளே ஒரு ஸ்பூன் தண்ணீர் இருக்கும், அசைந்துகொண்டிருந்தது. செல்வராணி வந்து குழாயைச் சாய்த்து அதை வடித்தாள். இயந்திரத்தில் ஏதோ ஒரு திருகைக் கொஞ்சம் திருப்பினார் டாக்டர். “இப்போ பாருங்க” என்றார்.

பார்த்தேன். பத்து நிமிஷம், அவரும் என் பக்கத்திலேயே நின்றார். அத்தனை நோயாளிகளை வைத்துக்கொண்டு எனக்காகப் பத்து நிமிஷம் நின்றார். நூற்று இருபது. நூற்று இருபது. நூற்று இருபது. வேறு எதுவும் வரவில்லை.

“ஈரக் காற்றுத்தானே போகுது, தண்ணி சேரும். ஒரு நாளைக்கு நாலு தடவை வடிப்போம், மறுபடி சேரும்” என்றார். “அது அலம்பினா குழாயில் லேசா ஓர் இழுப்பு வரும். நோயாளிதான் இழுத்தார்னு மெஷின் நினைச்சுக்கும். நீங்க எண்ணினது சரி. மூச்சுதான் அவரோடது இல்லை.” பிறகு, “நாளைக்குக் காலை ஒன்பது மணிக்கு அந்தச் சோதனையைச் செய்யலாம்னு இருக்கேன்” என்றார்.

இயந்திரமும் என்னைப் போலவே ஏமாந்திருக்கிறது. அதன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அதுவும்தான் பதினோரு நாளாக அவர் ஒரு மூச்சு இழுக்கமாட்டாரா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். கதைகளில் இப்படி ஓர் இயந்திரம் வந்து நான் பார்த்ததில்லை. அங்கே அதற்கு யாரையும் விடத் தெரியாது. இங்கே அது எங்கள் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். இயற்கையும் எங்களுக்கு எதிரி ஒன்றும் இல்லை. ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. அதற்குமேல் அது எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. பஸ் பிடித்து ஸ்டூடியோவுக்குப் போய் அந்தக் காட்சியை வரைந்தேன். ஒரு மூச்சுக்கு நாற்பது தாள். தயக்கம் கிடையாது, நெருக்கம் கிடையாது, ஏணி சொன்னபடி. தீபங்கர்தா தாள்களை விரலால் புரட்டி ஓடவிட்டுப் பார்த்தார். வேறு யாரிடமாவது கொடுத்திருக்கலாமே என்றார். “இதை என்னைவிட நன்னா யாராலும் வரைய முடியாது தாதா” என்றேன். இந்தத் தடவை குத்துவதற்காகச் சொல்லவில்லை. அவர் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் மீராவிடம் குழாயைப் பற்றிச் சொன்னேன். நம்பமாட்டேன் என்றாள்.

“ஒரு தடவை தண்ணியா இருக்கலாம். மூணு தடவையுமா? நீ எண்பத்து நாலு பாத்தே. தொண்ணூத்தேழு பாத்தே. நீயே சொன்னே!”

“சொன்னேன். தப்பா சொல்லிட்டேன்.”

“நாளைக்கு நான் வரேன். மெஷினை நிறுத்தட்டும். நானே பாத்துக்கறேன்.”

அவள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதும் அனந்தகிருஷ்ணன் மெதுவாகச் சொன்னார். “சின்னப் பொண்ணு, வசு. அங்கெல்லாம் வேண்டாமே.”

“வரட்டும் அண்ணா. அவளுக்கு ஆசையைக் காட்டினது நான். வராதேன்னு எந்த வாயால சொல்றது?”

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். “இயற்கை இயற்கைன்னு நானும் வாய் கிழியப் பேசறேன்” என்றார். “நெஜத்தைச் சொல்லட்டுமா? அவன் அந்த மெஷினோடவே இன்னும் முப்பது வருஷம் இருந்தாக்கூட எனக்குப் போறும்மா.”

அவருக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தேன்.

பன்னிரண்டாம் நாள் காலை ஒன்பது மணிக்கு நாங்கள் மூன்று பேரும் கட்டிலின் கால்மாட்டில் நின்றோம். டாக்டர் லாஹிரி மீராவைப் பார்த்து வங்காளத்தில், அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். பத்து நிமிஷம் இயந்திரத்தைக் கழற்றிவிடுவோம். ஆக்சிஜன் மட்டும் ஒரு மெல்லிய குழாய் வழியாகப் போய்க்கொண்டிருக்கும், அதனால் கெடுதல் வராது. உள்ளே கெட்ட காற்று சேர்ந்துகொண்டே போகும். மூளையில் துளி உயிர் இருந்தாலும் அது பொறுக்காது, உடம்பைப் பிடித்து உலுக்கி ஒரு மூச்சு இழுக்கவைக்கும். மீரா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

போர்வையை இடுப்புவரை விலக்கினார்கள். குழாயைக் கழற்றினார்கள். பதினோரு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த ஊதல் சத்தம் நின்றது.

நான் எண்ணக்கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். கண் எண்ண ஆரம்பித்துவிட்டது. ஒரு நிமிஷத்துக்கு ஆயிரத்து நானூற்று நாற்பது ஃபிரேம். எங்கள் படங்களில் ஒருத்தர் அசையாமல் நிற்கிற காட்சி வந்தாலும் தலைமுடியையாவது இரண்டு இழை பறக்கவிடுவோம், இல்லாவிட்டால் படம் நின்றுபோய்விட்டது என்று பார்க்கிறவர்கள் நினைத்துவிடுவார்கள். இரண்டு நிமிஷம் ஆயிற்று. மூன்று. நாலு. அனந்தகிருஷ்ணனின் உதடுகள் ஏதோ சுலோகத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தன. இழுங்களேன், ஒரே ஒரு தடவை இழுங்களேன் என்று நான் மனசுக்குள் அவரிடம் கெஞ்சினேன். இருபது வருடத்தில் எதற்கும் நான் அவரிடம் கெஞ்சியதில்லை.

“மா!” மீரா என் மணிக்கட்டைப் பிடித்தாள். “நகந்தது! மா, நகந்தது! இடது பக்கம், எலும்புக்குக் கீழே. பாத்தியா? பாரு, பாரு, மறுபடியும்!”

அனந்தகிருஷ்ணன் சுலோகத்தை நிறுத்திவிட்டார். டாக்டர் நெஞ்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மீரா இப்போது அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னால் அது மூச்சு, நான் சொன்னால் அது மூச்சில்லை என்கிற மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் பார்த்ததை நானும் பார்த்தேன். விலா எலும்புக்குக் கீழே தோல் ஒரு நெல்லளவு எழுந்து தணிந்தது. ஒரு நொடிக்குள் மறுபடி எழுந்தது. அதே அளவு, அதே இடைவெளி. அது இதயம் அடிக்கிற அடி. உள்ளிருந்து தோலைத் தட்டுகிறது. அதில் இழுப்பு இல்லை, மேலே போய்த் தயங்குவது இல்லை. தெரியவில்லை கண்ணா, பார்ப்போம் என்று சொல்லியிருக்கலாம். டாக்டர் சொல்லட்டும் என்று விட்டிருக்கலாம். எனக்குத் தெரிந்திருந்தது.

“இல்லடி கண்ணா” என்றேன். “அது நெஞ்சு துடிக்கறது. மூச்சு இல்லை.”

அவள் பிடி தளரவில்லை. மிச்சமிருந்த நிமிஷங்களை மூன்று பேரும் நின்று பார்த்து முடித்தோம். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ரத்தம் எடுத்துக்கொண்டார், குழாயை மறுபடி மாட்டச் சொன்னார். சாயங்காலம் இன்னொரு தடவை இதையே செய்ய வேண்டும், அது முறை என்றார். அனந்தகிருஷ்ணன் தம்பியின் பாதத்தில் போர்வையை இழுத்துவிட்டார்.

வராந்தாவுக்கு வந்ததும் மீரா நின்றாள். அழவில்லை.

“நன்னாப் பாத்தியா மா?”

“நன்னாப் பாத்தேன்.”

“சாயங்காலமும் நீ பாப்பியா?”

“பாப்பேன்.”

“அப்போ நான் வெளியிலயே இருக்கேன்” என்றாள்.

சரி என்றேன்.